பணிக்குறிப்பேடு: நாள்தோறும் பதினைந்து நிமிடத்தில் நம் வேலையை நாமே கற்றுக்கொள்ளும் முறை

கோயம்புத்தூர்ப் பகுதியிலுள்ள ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் நான் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டில், பஞ்சைச் சிக்கெடுத்து இழைபிரிக்கும் கார்டிங் இயந்திரம் ஒன்றின் மோட்டாரில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் இரையத் தொடங்கியது. அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிறு விடுமுறை வரை ஓட்டிவிட்டு அன்று நிதானமாகக் கழற்றி மாற்றலாம் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை இரவு ஷிப்டில் பேரிங் சிக்கிக்கொண்டது. மோட்டாரின் சுருள் எரிந்துபோனது. மறுநாள் காலை கூடிப் பேசியபோது, இது இப்படித்தான் முடியும் என்று செவ்வாய்க்கிழமையே தெரியும் என்று பலரும் சொன்னார்கள். எனக்கும் உள்ளூர அப்படித்தான் தோன்றியது. தெரிந்தும் தள்ளிப்போட்டுவிட்டேனே என்ற குற்ற உணர்வோடு உட்கார்ந்திருந்தேன்.

எங்களோடு இருந்த மூத்த ஃபிட்டர் ஒருவர் மட்டும் தம் சட்டைப் பையிலிருந்த சிறு நோட்டைப் பிரித்துச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைக் காட்டினார். "இரைச்சல் உண்டு. கை வைத்துப் பார்த்தோம், சூடு இல்லை. காலை 6.40. மிஷின் ஓட ஆரம்பித்து 10 நிமிடம்" என்று அதில் இருந்தது. பழுதின் வேர் அந்தக் கடைசி வரியில் இருந்தது. ஓடத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் பேரிங் பெரும்பாலும் கைக்குத் தெரியும் அளவுக்குச் சூடேறியிருக்காது. இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு கை வைத்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். நான் தெரிந்தே தள்ளிப்போடவில்லை, தவறான நேரத்தில் சோதித்துவிட்டு அந்தச் சோதனையை நம்பினேன். இரண்டும் வேறு வேறு தவறுகள், இரண்டுக்கும் திருத்தம் வேறு. அந்த நோட்டு இல்லாவிட்டால் என்னை நானே கடிந்துகொண்டதோடு நின்றிருப்பேன். சோதிக்கும் முறையை மாற்றியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நானும் பணிக்குறிப்பேடு எழுதி வருகிறேன். தொழில் திறமைக்கென்று சொல்லப்படும் பல பழக்கங்களை முயன்று பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் எழுவது, வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, கைப்பேசியை ஒதுக்கி வைப்பது எல்லாமே அவரவர் அளவில் பயனுள்ளவைதான். ஆனால் ஒருவர் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மேற்கொள்ள முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். மற்றப் பழக்கங்களில் எது நமக்குப் பயன்படுகிறது என்பதைக் காட்டுவதும் இந்த நோட்டுதான். இதை எப்படித் தொடங்குவது, எதை எழுதுவது, எழுதியதை என்ன செய்வது என்பதைக் கீழே விளக்குகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆலையிலிருந்து வந்தாலும், வங்கியிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ மென்பொருள் நிறுவனத்திலோ வேலை செய்பவருக்கும் முறை ஒன்றுதான்.

நோட்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். பையில் அடங்கும் கோடுபோட்ட நோட்டு ஒன்றும் ஒரு பேனாவும் போதும். கைப்பேசியில் எழுதுவது வசதி என்றால் அதிலேயே எழுதலாம்; எங்கள் ஆலையில் உற்பத்திப் பகுதிக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லாததாலும், கையில் கிரீஸ் இருக்கும்போது காகிதமே எளிது என்பதாலும் நான் காகிதத்தில் நின்றுவிட்டேன். ஒன்றை மட்டும் கடைப்பிடியுங்கள்: எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். துண்டுச் சீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் மேசை நாட்காட்டியிலும் சிதறிக் கிடக்கும் குறிப்பைப் பின்னர் யாரும் திரும்பிப் படிப்பதில்லை.

எப்போது எழுதுவது

நேரம் கிடைக்கும்போது எழுதுவேன் என்று நினைத்தால் எழுதவே மாட்டீர்கள். ஏற்கெனவே நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒன்றோடு எழுதுவதைப் பிணைத்துவிட வேண்டும். எனக்கு அது ஷிப்டு முடியும் சங்கு. சங்கு ஊதியதும் கை கழுவுவேன், கை கழுவியதும் நோட்டைத் திறப்பேன். ஆசிரியருக்குக் கடைசி மணியாக இருக்கலாம். வங்கி ஊழியருக்கு அன்றைய பணக்கணக்கை நேர்செய்து முடிக்கும் தருணமாக இருக்கலாம். இன்னது நடந்தால் இதைச் செய்வேன் என்ற வடிவில் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது, வெறுமனே செய்ய வேண்டும் என்று எண்ணுவதைவிட நன்றாகப் பலிக்கிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விரிவாக எழுதியிருக்கிறார்.

வீட்டுக்குப் போய் இரவு எழுதலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி சீராக நடப்பதில்லை, முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அதன் பின் வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. வேலைத்தளத்து நினைவு அசைகளைப் போல அவ்வளவு விரைவாக அழிவதில்லை என்றாலும், "காலை 6.40, ஓட ஆரம்பித்து 10 நிமிடம்" போன்ற நுணுக்கங்கள்தாம் முதலில் மறைகின்றன. பயன்படப் போவதும் பெரும்பாலும் அவைதாம்.

பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்று பலரும் கேட்கிறார்கள். 21 நாள் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய பழக்கம் இயல்பாகிவிடச் சராசரியாக 66 நாள் தேவைப்பட்டது. ஆளுக்கு ஆளும் செயலுக்குச் செயலும் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அதே ஆய்வில் எனக்கு ஆறுதலாக இருந்தது இன்னொரு முடிவு: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் படிவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. ஆகவே விட்டுப்போன நாளை நினைவிலிருந்து நிரப்ப முயலாமல் வெற்றாகவே விட்டுவிட்டு, அடுத்த நாளிலிருந்து தொடருங்கள். நிரப்ப முயல்பவர்கள் மூன்று நாள் பாக்கி சேர்ந்ததும் நோட்டையே மூடிவைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எதை எழுதுவது

அன்று செய்த எல்லாவற்றையும் பட்டியலிடுவது தேவையற்றது. அது வேலைப் பதிவேட்டில் எப்படியும் இருக்கும். இந்த நோட்டு மூன்று வகைச் செய்திகளுக்கு மட்டும்: நீங்கள் எடுத்த முடிவு, நீங்கள் போட்ட நேரக் கணக்கு, நாளை தொடங்க வேண்டிய இடம்.

முதலில் முடிவு. நாள் ஒன்றுக்கு ஒரு முடிவைத் தேர்ந்தெடுங்கள். பெரிதாக இருக்க வேண்டியதில்லை, வேறு விதமாகவும் முடிவு செய்திருக்கலாம் என்று தோன்றும் ஒன்றாக இருந்தால் போதும். அதைப் பற்றி நான்கு செய்திகளை எழுதுங்கள்: என்ன கண்டேன், என்ன முடிவு செய்தேன், ஏன், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். பஞ்சு இழைகளை நீட்டிச் சீராக்கும் டிரா பிரேம் இயந்திரத்தைப் பற்றி என் நோட்டிலிருந்து ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "டிரா பிரேம் 3. டாப் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்வது நேற்றைவிட அதிகம். ரோலரை இன்று மாற்றவில்லை. மழையால் உள்ளே ஈரப்பதம் கூடியிருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஈரப்பதத்தைக் குறைத்திருக்கிறோம். நாளை இரண்டாம் ஷிப்டுக்குள் சுற்றுவது குறைய வேண்டும். குறையாவிட்டால் ரோலர் தேய்மானம்தான் காரணம், என் கணிப்பு தவறு."

இந்தக் குறிப்பின் உயிர் கடைசி இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. எதிர்பார்ப்பை எழுதி, எந்த நேரத்துக்குள் அது தெரிய வேண்டும் என்பதையும், எது நடந்தால் நாம் தவறு என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்தால், மறுநாள் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள இடமிருக்காது. நடந்து முடிந்த எதுவும் முன்பே தெரிந்ததுபோலத் தோன்றுவது மனத்தின் இயல்பு. அமெரிக்க அதிபர் நிக்சன் 1972இல் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் செல்லவிருந்தபோது, உளவியல் ஆய்வாளர்கள் பரூக் ஃபிஷாஃபும் ரூத் பேத்தும் அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று மாணவர்களை முன்கூட்டியே மதிப்பிடச் சொன்னார்கள். பயணம் முடிந்த பின், அன்று எவ்வளவு மதிப்பிட்டீர்கள் என்பதை நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னபோது, உண்மையில் நடந்தவற்றுக்குத் தாங்கள் கூடுதலான வாய்ப்பையே கொடுத்திருந்ததாக மாணவர்கள் நினைவுகூர்ந்தார்கள். 1975இல் வெளியான அந்த ஆய்வைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது, எங்கள் சனிக்கிழமைக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தமக்கு முன்பே தெரியும் என்று உண்மையாகவே நம்பினார்கள். நினைவு அப்படித் தன்னைத் திருத்திக்கொள்வதால்தான் பத்து ஆண்டு வேலை செய்தும் ஒருவர் தம் கணிப்பு எங்கே பிசகுகிறது என்பதை அறியாமலே இருந்துவிட முடிகிறது.

ஆசிரியராக இருப்பவர், "பின்னக் கழித்தலை இன்று படம் வரைந்து நடத்தினேன். நாளைத் தேர்வில் நான்காம் கணக்கைப் பாதிப் பேராவது போட வேண்டும்" என்று எழுதலாம். செவிலியராக இருப்பவர் மருந்து வண்டியை எந்த வரிசையில் அடுக்கினால் தேடும் நேரம் குறையும் என்று தாம் நினைத்தார் என்பதை எழுதலாம். தொழில் எதுவானாலும், எதிர்பார்ப்பு இல்லாத குறிப்பு வெறும் நாட்குறிப்பு. எதிர்பார்ப்பு உள்ள குறிப்பு ஒரு சோதனை.

அடுத்தது நேரக் கணக்கு. ஒரு வேலையைத் தொடங்குமுன் எவ்வளவு நேரமாகும் என்று எழுதுங்கள், முடிந்ததும் எவ்வளவு ஆனது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். நம் வேலைக்கு நாம் போடும் நேரக் கணக்கு ஏறத்தாழ எப்போதும் குறைவாகவே இருக்கும். உளவியல் ஆய்வாளர்கள் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 33.9 நாளில் முடித்துவிடுவதாகக் கணித்தார்கள். எல்லாமே மோசமாக நடந்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். மிக மோசமான நிலை என்று அவர்கள் நினைத்ததையும் நடப்பு தாண்டிவிட்டது.

இதைப் படித்துவிட்டு எல்லாக் கணக்கையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளச் சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை, ஏனெனில் தவறு எல்லா வேலையிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மூன்று மாதக் குறிப்புகளை ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது, எங்கள் கையில் மட்டும் இருந்த வேலைகளில் என் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்ததைக் கண்டேன். ஸ்டோரிலிருந்து உதிரிப் பாகம் வர வேண்டிய வேலைகளும் மேலதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திருந்த வேலைகளும்தாம் இரண்டு மூன்று மடங்காக நீண்டிருந்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு எண்களைத் தனித்தனியே எழுதத் தொடங்கினேன்: கைவேலைக்கு எவ்வளவு, காத்திருப்புக்கு எவ்வளவு. காத்திருப்பு தனியே தெரிந்ததும் அதைக் குறைக்க வழியும் தெரிந்தது. இயந்திரத்தைக் கழற்றுவதற்கு முன்பே ஸ்டோருக்குச் சீட்டு அனுப்புவது என்ற சிறு மாற்றம், வேகமாக வேலை செய்ய முயன்ற எந்த முயற்சியையும்விட எங்களுக்கு அதிக நேரத்தை மிச்சப்படுத்தியது. உங்கள் வேலையில் நேரம் எங்கே ஒழுகுகிறது என்பது வேறாக இருக்கும். அதை ஊகிக்காதீர்கள், 3 மாதம் எழுதிப் பாருங்கள்.

மூன்றாவது மிகச் சிறியது: பாதியில் நிற்கும் வேலையில் நாளை செய்ய வேண்டிய முதல் செயலை ஒரே வரியில் எழுதிவிட்டு நோட்டை மூடுங்கள். "அறிக்கையை முடிக்க வேண்டும்" என்பது அப்படிப்பட்ட வரி ஆகாது. "மூன்றாம் பக்கத்து அட்டவணையில் சூன் மாத எண்களைச் சரிபார்க்க வேண்டும்" என்பது ஆகும். ஷிப்டு மாறும்போது அடுத்தவரிடம் வேலையை ஒப்படைப்பவர் இப்படித்தான் எழுதித் தர வேண்டும். நாளைக் காலை வரும் நீங்களும் இன்றைய களைப்போடும் நினைவோடும் வரப்போவதில்லை, ஏறத்தாழ வேறு ஆள்தான்.

எதை எழுதக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளரின் கணக்கு எண், நோயாளியின் பெயர், கடவுச்சொல், நிறுவனத்தின் இரகசியம் எதுவும் சொந்த நோட்டில் இருக்கக் கூடாது. சக ஊழியர் மீதான மனக்குறைகளுக்கும் அதில் இடம் வேண்டாம். அவர் செய்தது வேலையைப் பாதித்திருந்தால் நடந்ததை மட்டும் எழுதுங்கள். அவர் எப்படிப்பட்டவர் என்ற தீர்ப்பை எழுதத் தொடங்கினால் நோட்டு வேறு ஏதோ ஆகிவிடும்.

வேலைக்கு நடுவே அன்றன்று எழுதிவைத்த பழக்கம் நம்மிடம் புதிதும் அன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும், இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை 1736 செப்டம்பர் முதல் 1761 சனவரியில் இறக்கும் காலம் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்ததும், சரக்கு விலையும், ஆளுநர் தூப்ளே தம்மிடம் பேசியதும் ஒரே நாளின் குறிப்பில் அடுத்தடுத்து வரும். வணிகத்தையும் அரசியலையும் ஒருசேரக் கையாண்ட ஒருவர், அவ்வளவு நெருக்கடிகளுக்கு நடுவிலும் கால் நூற்றாண்டு எழுதினார் என்பதை எண்ணும்போது, பதினைந்து நிமிடம் இல்லை என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கும்.

எழுதியதை என்ன செய்வது

எழுதுவதைவிடத் திரும்பிப் படிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள், எனக்குச் சனிக்கிழமை மாலை, அரை மணி நேரம் ஒதுக்கி அந்த வாரப் பக்கங்களைப் படியுங்கள். ஒவ்வொரு எதிர்பார்ப்புக்கும் பக்கத்தில் நடந்ததா இல்லையா என்று குறியிடுங்கள். தவறிய இடங்களில், சரியான தகவல் கையில் இருந்தும் தவறாக முடிவு செய்தேனா, அல்லது தகவலே இல்லாமல் முடிவு செய்தேனா என்று ஒரு சொல் எழுதுங்கள். முதல் வகைக்குப் பயிற்சி வேண்டும், இரண்டாம் வகைக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் வேண்டும். எரிந்த மோட்டாரின் கதை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சரியாக அமைந்த கணிப்புகளையும் கடந்துவிடாதீர்கள். காரணம் வேறாக இருந்து முடிவு மட்டும் தற்செயலாகச் சரியாக அமைந்தவை அவற்றுக்குள் ஒளிந்திருக்கும்.

படிக்கும்போது ஒரே தவறு மூன்றாம் முறை கண்ணில் பட்டால், இனிமேல் கவனமாக இருப்பேன் என்று எழுதாதீர்கள், ஒரு சரிபார்ப்புப் பட்டியல் எழுதுங்கள். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் போயிங் நிறுவனத்தின் மாடல் 299 விமானம் சோதனைப் பறப்பில் மேலெழுந்த சிறிது நேரத்திலேயே விழுந்து நொறுங்கியது. விமானி அனுபவத்தில் குறைந்தவர் அல்லர். தரையில் நிற்கும்போது வால்பகுதிக் கட்டுப்பாட்டுத் தகடுகள் காற்றில் ஆடாமல் இருக்கப் போடும் பூட்டு விடுவிக்கப்படாமல் இருந்தது. அதன் பிறகு விமானிகளுக்கு நீண்ட பயிற்சி கொடுப்பதைவிட, புறப்படுமுன் பார்க்க வேண்டியவற்றைச் சிறு பட்டியலாக எழுதிக் கையில் கொடுப்பதே வழியாயிற்று. அந்த விமானத்தின் வழிவந்ததே இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் பறந்த பி-17 குண்டுவீச்சு விமானம். உங்கள் பட்டியலும் சிறியதாக இருக்கட்டும். தெரியாதவற்றுக்கு அதில் இடம் வேண்டாம்; நன்றாகத் தெரிந்தும் அவசரத்தில் விட்டுவிடுபவற்றை மட்டும் எழுதுங்கள். எங்கள் பட்டியலில் 6 வரிகள் இருந்தன; "2 மணி நேரம் ஓடிய பின் சூடு பார்" என்பது அவற்றில் ஒன்று.

வாரக் கடைசியில் பிறருக்குக் கொடுத்த வாக்குகளையும் தனியே பாருங்கள். போகிற போக்கில், "திங்கட்கிழமை பார்த்துச் சொல்கிறேன்" என்று சொன்னதைச் சொன்னவர் மறப்பார், கேட்டவர் மறக்க மாட்டார். முடியாத வாக்கு என்றால் அவர் கேட்பதற்கு முன்பே போய்ச் சொல்லிவிடுவது நல்லது.

ஆண்டு மதிப்பீட்டுக்கும் வேலைக்கான நேர்காணலுக்கும் இந்த நோட்டு நேரடியாக உதவும். கடுமையாக உழைத்தேன் என்று எல்லாரும் எழுதுவார்கள். எந்தச் சிக்கலைக் கண்டீர்கள், என்ன முடிவு செய்தீர்கள், எங்கே கணிப்பு தவறியது, அதற்குப் பின் எதை மாற்றினீர்கள் என்று தேதியோடு சொல்லக்கூடியவர் மிகக் குறைவு. புதிதாகச் சேர்ந்த இளைஞர்களை நேர்காணல் செய்தபோதெல்லாம், தம் தவறு ஒன்றைத் தயங்காமல் தெளிவாக விளக்கியவர்களையே தேர்ந்தெடுத்தேன். அவர்களில் பெரும்பாலோர் நன்றாக வேலை கற்றார்கள்.

இன்றே தொடங்க நினைப்பவர் முதல் வாரத்தில் மூன்றையும் எழுத முயல வேண்டாம். நாளைய முதல் செயலை மட்டும் ஒரு வரி எழுதுங்கள். இரண்டாம் வாரத்தில் நேரக் கணக்கைச் சேருங்கள். முடிவும் எதிர்பார்ப்பும் மூன்றாம் வாரத்தில் வரட்டும், அவற்றுக்குத்தான் சற்று மனத்துணிவும் வேண்டும். முதல் சில வாரங்களில் உங்கள் கணிப்புகளில் பாதிக்கு மேல் தவறாக இருக்கக்கூடும். என்னுடைய முதல் நோட்டில் அப்படித்தான் இருந்தது. பக்கங்களின் ஓரத்தில் சிவப்பு மையில் நான் போட்ட பெருக்கல் குறிகள் இன்றும் இருக்கின்றன, அந்த நோட்டைத்தான் புதிதாக வருபவர்களுக்கு முதலில் காட்டுகிறேன்.